கோக்கீ தவளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோக்கீ என்றால் என்ன?

கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவின் சொந்தத் தவளை. பாதிக் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஆனால் இருட்டியதும் அந்தத் தீவில் அதிகம் கேட்பது இதன் குரல்தான். அங்குள்ளவர்களுக்கு இது வெறும் தவளை இல்லை, தீவின் அடையாளம். "கோக்கீயைப் போல இந்த மண்ணுக்காரன்" என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் ஒரு சொல்வழக்கே இருக்கிறது. இதே தவளையைப் பசிபிக்கில் உள்ள இன்னொரு தீவுக்கூட்டமான ஹவாய் பூச்சி, களை வரிசையில் வைத்து மருந்தடிக்கிறது. அந்தக் கதை பின்னால் வரும்.

பெயர் எப்படி வந்தது?

நம் காக்கைக்கும் குயிலுக்கும் வந்த மாதிரிதான். கத்துவதே பெயர். "கோ... க்கீ" என்று இரண்டு துண்டாகக் கத்தும், இரண்டாவது துண்டு மேலே ஏறி முடியும். அறிவியல் பெயர் எலூத்தரோடாக்டிலஸ் கோக்கி. முதல் பாதி கிரேக்கச் சொல், "கட்டில்லாத விரல்" என்று பொருள், அதாவது விரல்களுக்கு நடுவே சவ்வு கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தீவு முழுக்க எல்லோருக்கும் தெரிந்த தவளை, ஆனால் தனி இனம் என்று அறிவியலில் பதிவானது 1966-ல்தான், ரிச்சர்ட் தாமஸ் என்பவர் செய்தார். அதுவரை இதையும் மலைக் கோக்கீ என்ற இன்னோர் இனத்தையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். தினமும் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற ஜீவனுக்குப் பெயர் வைக்க இவ்வளவு காலம் ஆயிருக்கிறது.

பார்த்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

சுலபமில்லை என்பதுதான் நேர்மையான பதில். மூக்கு நுனியிலிருந்து பின்முனை வரை ஆண் சராசரியாக 34 மில்லிமீட்டர், பெண் 41 மில்லிமீட்டர். நிறம் பழுப்பு, சாம்பல், இரண்டுக்கும் நடுவே எதுவும். சிலவற்றுக்கு முதுகில் வெளிர்கோடு இருக்கும், சிலவற்றுக்குக் கண்களுக்கு நடுவே ஒரு பட்டை, சிலவற்றுக்கு ஒன்றுமே இருக்காது. ஒரே மரத்தில் பிடித்த நான்கு கோக்கீ நான்கு மாதிரி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கண்ணை நம்புவதைவிடக் காதை நம்புவது நல்லது.

இது உண்மையில் மரத்தவளைதானா?

மரத்தில் ஏறும், விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் வட்டுகள் உண்டு, அதனால் பேச்சுவழக்கில் மரத்தவளை என்கிறார்கள். குடும்பம் என்று பார்த்தால் ஹைலிடே எனப்படும் மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. நீருக்குள் நீந்த வேண்டிய வேலையே இதற்கு வாழ்நாளில் வராது, அதனால்தான் சவ்வும் இல்லை.

இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தமா?

ஆமாம். அரை மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் 90 முதல் 100 டெசிபல் வரை போகும். பக்கத்தில் மிக்சி ஓடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த மிக்சியை யாரோ சூரியன் மறைந்ததும் போட்டுவிட்டு விடிகிற வரை அணைக்காமல் விட்டால் எப்படியோ அப்படி. கத்துவது ஆண் மட்டும்தான். தொண்டைப் பை பலூன் போல உப்பிக்கொள்ளும்.

"கோ" ஒன்று, "க்கீ" ஒன்று என்று ஏன் இரண்டு சத்தம்?

இந்தத் தவளையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு அசையும் இரண்டு பேருக்கான செய்தி. "கோ" மற்ற ஆண்களுக்கு: இது என் இடம், தள்ளிப் போ. "க்கீ" பெண்களுக்கு: இங்கே இருக்கிறேன், வா.

பீட்டர் நரின்ஸ், ராபர்ட் கப்ரானிகா என்ற இருவர் 1976-ல் இதைக் காட்டினார்கள். "கோ" சுமார் 1,100 ஹெர்ட்ஸில் இருக்கும், "க்கீ" சுமார் 2,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும். பதிவு செய்த குரலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக் காட்டினால் ஆண் "கோ"வுக்குத்தான் பதில் சொல்கிறது, பெண் "க்கீ" வருகிற பக்கம் நகர்கிறது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளை ஆராய்ந்தபோது, பெண்ணின் காதில் "க்கீ"யின் சுருதிக்கென்று ஒத்திசைந்த நரம்பிழைகள் அதிகம், ஆணின் காதில் குறைவு. ஆக ஒரே குரலைக் கேட்டாலும் இரண்டு பேர் காதிலும் விழுவது ஒன்றில்லை.

இன்னொன்று: வேறோர் ஆண் எல்லைக்குள் நுழைந்துவிட்டால் வீட்டுக்கார ஆண் "க்கீ"யை விட்டுவிட்டு "கோ, கோ, கோ" என்று மட்டும் கத்தும். சண்டை நேரத்தில் காதல் வசனம் எதற்கு.

ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கத்தினால் யார் குரல் யாருக்குக் கேட்கும்?

நமக்குத்தான் அது இரைச்சல். அவை பக்கத்து ஆணின் குரல் முடிகிற இடைவெளியைக் காத்திருந்து பிடித்து அதற்குள் தன் குரலைச் செருகும். இதைச் சோதிக்க, நடுவில் ஒரு நொடிக்கும் குறைவான அமைதி வருகிற மாதிரி ஒலியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். தவளைகள் அந்தக் குட்டி இடைவெளிக்குள் தங்கள் கத்தலைச் சரியாக வைத்தன. அத்தோடு, இதற்குக் கேட்க செவிப்பறை மட்டும் இல்லை, உடம்பின் பக்கச்சுவர் வழியாகவும் நுரையீரல் வழியாகவும் ஒலி உள்ளே போய்ச் செவியை எட்டுகிறது என்று 1988-ல் கண்டுபிடித்தார்கள்.

தலைப்பிரட்டையே கிடையாதாமே?

கிடையாது. குளம், குட்டை, தேங்கிய நீர் எதுவும் தேவையில்லை. முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து, வாலோடு கூடிய முழுத் தவளைக்குஞ்சாக வெளியே வரும், அந்த வால் கொஞ்சத்தில் மறைந்துவிடும். நேரடி வளர்ச்சி என்பார்கள்.

அதற்கு ஏற்ற மாதிரி முட்டையும் பெரியது, சுமார் மூன்றரை மில்லிமீட்டர் குறுக்களவு, உள்ளே மஞ்சள்கரு நிறைய. தலைப்பிரட்டையாக நீந்தி மேய வேண்டிய சாப்பாட்டை அம்மா முன்கூட்டியே கட்டிக்கொடுத்துவிடுகிறாள். கருவுக்குக் கால்மொட்டுகள் மிக முன்னாடியே முளைத்துவிடும். சாதாரணத் தவளையில் தலைப்பிரட்டையைத் தவளையாக மாற்றும் அதே தைராய்டு ஹார்மோன்தான் இங்கே முட்டைக்குள் வேலை பார்க்கிறது, ஆக உருமாற்றம் இல்லாமல் போகவில்லை, முட்டை உறைக்குள் ஒளிந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். 17 முதல் 26 நாளில் பொரியும். குஞ்சின் வாய் நுனியில் கூரான ஒரு முட்டைப்பல் இருக்கும், அதைக் கொண்டு உறையைக் கிழித்து வெளியே வரும்.

கருவுறுதலும் பெண்ணின் உடலுக்குள்ளேயே நடக்கிறது. தவளை உலகத்தில் இது அபூர்வம். பெரும்பாலான தவளைகளில் முட்டை வெளியே வந்த பிறகுதான் கருவுறும்.

அடைகாப்பது அப்பாவாமே, அம்மா என்ன செய்யும்?

அம்மா முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஒரு ஈட்டுக்கு 16 முதல் 41 வரை, சராசரியாக 28 முட்டை. ஓர் ஆண்டில் நான்கிலிருந்து ஆறு ஈடு வரை போடும், அத்தனை மஞ்சள்கருவைத் திரும்பத் திரும்ப உருவாக்க வேண்டுமே, அதனால் அது போய்ச் சாப்பிடுவதைக் குறை சொல்ல முடியாது.

அப்பாதான் பெண்ணைக் கூட்டிலே கொண்டுவந்து சேர்க்கிறது. கூடு என்றால் சுருண்டு காய்ந்த பனையோலை மாதிரி இலை, செக்ரோபியா என்ற மரத்தின் மடங்கிய இலை, சில சமயம் பறவை விட்டுப்போன கூடு. பகலில் அநேகமாக முழு நேரமும், இரவிலும் பெரும்பகுதி முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். கோழி போலச் சூட்டுக்காக இல்லை, ஈரத்துக்காக. தோல் வழியாக முட்டைகளுக்கு ஈரம் கொடுக்கிறது. ஆராய்ச்சிக்காக அப்பாவை எடுத்துவிட்டுப் பார்த்தபோது முட்டைகள் காய்ந்துபோயின, இல்லாவிட்டால் தின்னப்பட்டன. தின்றது யார் தெரியுமா? இன்னொரு கோக்கீ. கூடு இல்லாத ஆண் வந்து முட்டையைத் தின்றுவிட்டு இடத்தைப் பிடிக்கப் பார்க்கும், அப்பா குறுக்கே நின்று கத்தும், கடிக்கும். அதற்குச் சாப்பிட எப்போது நேரம் கிடைக்கிறது என்பது நியாயமான கேள்வி. காவல் காலத்தில் அதிகம் கிடைப்பதில்லை.

என்ன சாப்பிடும்? கொசுவைத் தின்னுமா?

எறும்பு, கரப்பான், சிள்வண்டு, சிலந்தி, கையில் அகப்படும் எந்தக் குட்டிப் பூச்சியும். துரத்தாது, உட்கார்ந்த இடத்தில் வருவதைப் பிடிக்கும். புவேர்ட்டோ ரிக்கோவின் எல் யூன்கே மழைக்காட்டில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 20,000 கோக்கீ என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அவை எல்லாம் சேர்ந்து ஒரே ராத்திரியில் ஹெக்டேருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகளைத் தீர்க்கின்றன. கொசுவைப் பற்றிக் கேட்டால், ஹவாயில் பிடித்த கோக்கீக்களின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது கொசு அகப்படவில்லை. கொசு ஒழிப்புக்கு இதை நம்ப வேண்டாம்.

அவ்வளவு எண்ணிக்கைக்குக் காரணம் சாப்பாடா?

அப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார்கள்: காட்டில் சில திட்டுகளில் மூங்கில் துண்டுகளை ஒளிவிடமாகக் கட்டிவிட்டார்கள். அந்த இடங்களில் தவளை எண்ணிக்கை ஏறியது. சாப்பாடு அதேதான், பகலில் ஒளியவும் முட்டையிடவும் இடம் கூடியது, அவ்வளவுதான். வாடகை வீடு கிடைக்காததுதான் இவற்றுக்கும் பிரச்சினை!

விடியும்போது மரத்திலிருந்து தவளை மழை பெய்யும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். ஈரமான இரவுகளில் பல கோக்கீக்கள் இருட்டத் தொடங்கும்போது அடிமரம் வழியாக மேலே ஏறி மரமுகட்டுக்குப் போய்விடும், பூச்சி அங்கே நிறைய. ஏறும்போது அடிமரத்தில் காத்திருக்கும் சிலந்திகளும் மற்ற வேட்டைக்காரர்களும் சிலவற்றைப் பிடித்துவிடும். விடிகாலை இறங்க வேண்டும். திரும்பவும் அதே வழியில் நடந்து இறங்கி யாராவது வாயில் விழுவானேன் என்று கைகாலை விரித்துக் குதித்துவிடும். சில கிராம் எடை, விரித்த உடம்பு, விழுந்தால் ஒன்றும் ஆகாது.

மழையில்லாத ராத்திரியில் என்ன செய்யும்?

ஈரம் குறைந்தால் கத்துவது குறையும், மேலே ஏறுவதும் குறையும். கைகாலை உடம்புக்கு அடியில் மடக்கி, தாடையை இலையோடு அழுத்தித் தட்டையாக உட்கார்ந்துவிடும். காற்றுப் படும் தோல் குறைந்தால் ஆவியாகும் நீரும் குறையும்.

இதைத் தின்பவை யார்?

ஆந்தை, பல்லிக்குயில் என்று பறவைகள், பாம்புகள், பெரிய சிலந்திகள், வாலில்லாச் சாட்டைத்தேள்கள். முதுகெலும்புள்ள தவளையை எட்டுக்கால் பூச்சி தின்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் குட்டிக் கோக்கீக்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து.

புவேர்ட்டோ ரிக்கோவைத் தாண்டினால் கோக்கீ கத்தாது, செத்துவிடும் என்பது உண்மையா?

அங்குள்ளவர்கள் பாசமாகச் சொல்லி வந்த நம்பிக்கை இது. பொய் என்று ஹவாய் நிரூபித்துவிட்டது. 1980-களின் கடைசியில் நாற்றங்கால் செடிகளோடு ஒட்டிக்கொண்டு ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. செடித்தொட்டி மண்ணில் முட்டையோ குஞ்சோ இருந்தால் யாருக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டியோ குளமோ தேவைப்படாத தவளை என்பதால் இறங்கிய இடமெல்லாம் வீடு. வர்ஜின் தீவுகளுக்கும் போயிருக்கிறது.

ஹவாயில் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

ஹவாயில் சொந்தமாக ஒரு தவளைகூடக் கிடையாது, தரைப்பாம்பும் பல்லியும்கூட இல்லை. ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக ராத்திரி அமைதியாக இருந்த தீவில் திடீரென்று ஒரு தொண்டை திறந்தது. இயற்கையான எதிரிகளும் அதிகம் இல்லை, சில இடங்களில் சொந்த ஊரைவிட அதிக நெருக்கத்தில் பெருகியது. தூக்கம் போனது, நிறைய கோக்கீ உள்ள இடங்களில் வீட்டு விலை இறங்கியது, நாற்றங்கால்காரர்களின் செடி ஏற்றுமதிக்குச் சிக்கல் வந்தது, ஹவாயிலேயே பெரியதான, "பெரிய தீவு" என்றே அழைக்கப்படும் தீவின் மேயர் 2004-ல் நெருக்கடி நிலையே அறிவித்தார். உள்ளூர்ப் பூச்சிகள் காலியாகுமே, எலியும் கீரியும் இதைத் தின்று பெருகுமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ராத்திரி டார்ச்சோடு போகிற ஒழிப்புக் குழு இதைக் கண்டுபிடிப்பதே அந்தக் குரலை வைத்துத்தான். கத்தாமல் இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் ஹவாய்க்காரர்களின் கோபம் நியாயமானது, ஆனால் தப்பு தவளைமேல் இல்லை.

ஒழிக்க வழி உண்டா?

சின்னக் கூட்டமாக இருக்கும்போது உண்டு. சிட்ரிக் அமிலக் கரைசல் தெளிப்பது வழக்கமான முறை, தோல் வழியே உள்ளே போய்க் கொல்லும். செடிகளை அனுப்பும் முன் 45 டிகிரி செல்சியஸ் சுடுநீரில் ஐந்து நிமிடம் நனைத்தால் தவளையும் முட்டையும் சாகும். காவாய் தீவில் ஒரு கூட்டத்தைப் பல ஆண்டு பாடுபட்டு ஒழித்தார்கள். பெரிய தீவில் அந்த வாய்ப்பு நழுவிவிட்டது, அங்கே இப்போது செய்வதெல்லாம் இன்னும் பரவாமல் பார்த்துக்கொள்வதுதான்.

சொந்தத் தீவில் பாதுகாப்பாக இருக்கிறதா?

இந்த இனம் இப்போதைக்கு அழியும் நிலையில் இல்லை. 1989-ல் ஹ்யூகோ புயல் காட்டைப் புரட்டிப்போட்டபோது குஞ்சுகள் குறைந்தன, ஆனால் விழுந்து கிடந்த கிளையும் இலையும் ஒளிவிடமாகி, வளர்ந்த தவளைகளின் எண்ணிக்கை அப்புறம் ஏறியது. மூங்கில் சோதனை ஞாபகம் இருக்கிறதல்லவா, அதையே புயல் பெரிய அளவில் செய்துவிட்டது.

கவலை வேறு பக்கம். உலகமெங்கும் தவளைகளைக் கொன்ற கிட்ரிட் பூஞ்சை இங்கேயும் உண்டு. ஈரம் இருக்கும்வரை கோக்கீ அதோடு எப்படியோ சமாளிக்கிறது. வறட்சி வந்தால் மிஞ்சிய சில ஈரமான இடங்களில் எல்லாம் நெருங்கிக் குவியும், நோய் தாவும். இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் ஆபத்து.

குரலிலும் மாற்றம் தெரிகிறது. மலையில் மேலே போகப் போக கோக்கீ பெரிதாகும், குரல் தடிக்கும். அதே மலைச்சாலையோரம் 1980-களில் பதிவு செய்த குரல்களை நரின்ஸ் 23 ஆண்டு கழித்துத் திரும்பப் போய்ப் பதிவு செய்து ஒப்பிட்டார். அதே உயரத்தில் குரல் மெலிந்து, குறுகியிருந்தது. உடம்பும் சின்னதாகியிருந்தது. சூடு ஏற ஏற, கீழே இருந்த அளவுத் தவளைகள் மேலே தெரிய ஆரம்பித்திருக்கின்றன.

வேறு கோக்கீக்கள் உண்டா?

புவேர்ட்டோ ரிக்கோவில் இதே பேரினத்தில் 17 இனங்கள், எல்லாம் "கோ-க்கீ" என்று கத்தாது. மூன்று ஏற்கெனவே அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. அதில் எனக்கு மனசு அதிகம் வலிப்பது தங்கக் கோக்கீக்காக. காயே மலைப்பகுதியில் மட்டும் இருந்தது, முட்டையிடாமல் குட்டி போடும் தவளை, கடைசியாகப் பார்த்தது 1981-ல். இன்னொரு பக்கம் 2005-ல் தோவா பாஹா சதுப்பு நிலத்தில் புதிதாக ஒன்று அகப்பட்டது. 15 மில்லிமீட்டர்தான் வரும், தீவின் மிகச் சின்னக் கோக்கீ, 2007-ல் பெயர் வைத்தார்கள். வைத்த இருவரில் ஒருவர் 1966-ல் கோக்கீக்குப் பெயர் வைத்த அதே ரிச்சர்ட் தாமஸ்.

விஷம் உண்டா, தொடலாமா?

ஆபத்து இல்லை. ஆனால் கையில் உப்பு, சோப்பு, கொசுவிரட்டி எது இருந்தாலும் அதன் தோல் உறிஞ்சிவிடும். கட்டாயம் தொட வேண்டும் என்றால் கையை நல்ல தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொடுங்கள்.

பகலில் பார்க்க முடியுமா?

சிரமம், ஆனால் முடியும். கீழே கிடக்கும் சுருண்ட காய்ந்த இலைகளை மெதுவாகப் பிரித்துப் பார்க்கலாம், அன்னாசிக் குடும்பச் செடிகளின் இலைக்குழியையும் பார்க்கலாம். உள்ளே ஒரு தவளை நகராமல் உட்கார்ந்து, அடியில் கண்ணாடிக்குண்டு போல முட்டைகள் தெரிந்தால் அது அப்பா. இலையை இருந்த மாதிரியே மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், வெயில் படக்கூடாது.